அக்காவிடம் கொடு

ஜூன் 11, புதன்

விசிலுக்குள் டால்கம் பவுடரை அடைத்தது நான்தான். இந்த ஸ்கூலில் வேறு யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

புதுக் கோச் மேடத்துக்கு இன்று முதல் நாள். கோர்ட்டின் நடுவில் போய் நிமிர்ந்து நின்று, கன்னம் உப்ப ஊதினார். சத்தம் வரவில்லை, வெள்ளையாக ஒரு மேகம் வந்தது. மேகம் கலைந்தபோது மூக்கு நுனி மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது. திட்டு விழும் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன்.

"நல்ல வாசனை," என்றார். விசிலைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அதற்குப் பிறகு எல்லாமே கைதட்டல்தான். போ, வா, நிக்காதே, அந்தப் பக்கம் என்று இரண்டு கையாலும் காட்டிக்கொண்டே இருந்தார். டிராஃபிக் என்று பெயர் வைத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் ஸ்கூல் முழுக்கப் பரவிவிட்டது.

டீமின் நிலவரத்தை எழுதி வைக்கிறேன். போன வருஷம் லீகில் கோப்பை வாங்கினோம். வாங்கிய ஐந்து பேரும் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். மிஞ்சியது நாங்கள், போன வருஷம் முழுக்க பெஞ்சைத் தேய்த்தவர்கள். கொக்குக்கு உயரம் உண்டு, ஆனால் பந்து அவள் கையில் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். அவசரம், பந்து வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். பூட்டு, ஒருத்தியைப் பிடித்தால் விடமாட்டாள். பந்து கைக்கு வந்தால் மட்டும் பயந்து விட்டுவிடுவாள். கமுக்கம், தான் என்ன நினைக்கிறோம் என்று தனக்கே சொல்லமாட்டாள். ஐந்தாவது நான், வாலு. இது வீட்டில் வைத்த பெயர், தானாக ஸ்கூலுக்கு வந்து சேர்ந்துகொண்டது.

போன வருஷத்து ஐந்து பேரில் நாலு பேர் சும்மா தொட்டுக்க. ஐந்தாவது என் அக்கா. பழைய கோச் சாரின் திட்டம் மொத்தமே இரண்டு சொல்தான்: அக்காவிடம் கொடு. அவள் இடது மூலையில் நிற்பாள். கொடுத்துவிட்டால் மீதியை அவள் பார்த்துக்கொள்வாள், நாமும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஜூன் 14, சனி

டிராஃபிக்கின் திட்டம் இது. ஐந்து பேரும் வெளியே வளைவாக நிற்க வேண்டும். கூடைக்குக் கீழே ஒருத்தியும் கூடாது, அந்த இடம் காலியாகவே இருக்கவேண்டும். பந்தைக் கொடுத்தவள் கொடுத்த இடத்தில் நிற்காமல் உடனே கூடையை நோக்கி ஓட வேண்டும். பந்து வராவிட்டால் அந்தப் பக்கமாக வெளியேறி மறுபடி வரிசையில் சேர வேண்டும். உன்னைக் காவல் காப்பவள் பந்தைத் தட்டிப் பறிக்க முன்னால் பாய்ந்தால் அவள் முதுகுக்குப் பின்னால் போய்விடு. பந்தைத் தரையில் இரண்டு தட்டுக்கு மேல் யாரும் தட்டக்கூடாது. யாருக்கும் நிரந்தர இடம் இல்லை.

அதாவது வாடகை வீடு. தினம் காலி பண்ண வேண்டும்.

பாவம் கொக்கு. கூடைக்கடியில் நின்று கையை நீட்டினால் போதும் என்றிருந்தவள், தூரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றாள். ராத்திரி சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

"கொக்கை வெளிய நிறுத்துறாங்களா? மீன் இருக்கிற இடத்துலதானடி கொக்கு நிக்கணும்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே தூக்கிவிடுகிறவர், என் மார்க்கை மட்டும் அவரால் தூக்கிவிட முடியவில்லை. எதையும் லிஃப்டாகத்தான் யோசிப்பார். எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் லிஃப்ட் எங்கே போகும் என்று கேட்டார். எனக்கும் இந்தத் திட்டம் அப்படித்தான் தெரிகிறது.

ஜூன் 19, வியாழன்

ஓட்டம், ஓட்டம், ஓட்டம். பந்தையே கண்ணில் காட்டவில்லை. இது கூடைப்பந்தா, கூடை இருக்கிற பூங்காவில் வாக்கிங்கா?

ஜூன் 28, சனி

முதல் மேட்ச். 51–19. எங்களுடையது பின்னால் இருக்கிற எண்.

பந்து கைக்கு வந்த இருபத்து நான்கு நொடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும், இல்லாவிட்டால் ஹார்ன் அடித்து எதிராளிக்குக் கொடுத்துவிடுவார்கள். சாதாரணமாக ஒரு சீசனில் அந்த ஹார்ன் ஓரிரு தடவை அடித்தால் அதிகம். இன்று அந்த ஹார்ன்காரருக்கு விரல் வலித்திருக்கும். நாங்கள் கொடுத்தோம், ஓடினோம், கொடுத்தோம், ஓடினோம். எறிய மட்டும் ஆள் இல்லை. எறிவது அக்கா வேலை. மூன்று வருஷமாக அப்படித்தான்.

கேலரியிலிருந்து ஒரு குரல்: "பந்து சுடுதா என்ன, ஆளாளுக்கு அடுத்தவ கையில தள்ளி விடுறாளுங்க?"

அதுகூடப் பரவாயில்லை. மூன்றாம் கால்பகுதியில் நேரம் முடியப்போகிறது, அவசரத்தின் கையில் பந்து. பதறிப்போய்த் திரும்பி இடது மூலைக்கு ஒரு பாஸ் கொடுத்தாள். நேர்த்தியான பாஸ். இத்தனை அழகாக அவள் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒரே குறை, அந்த மூலையில் யாரும் இல்லை. பந்து கோட்டைத் தாண்டி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவின் மடியில் போய் விழுந்தது.

கேலரியே எழுந்து கைதட்டியது. நானும் சிரித்தேன். பிறகு அக்கா பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் டிராஃபிக் திட்டவில்லை. "நீங்க யாரைத் தேடுறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 2, புதன்

மீசை வீட்டுக்குப் போன் பண்ணினார். மீசை என்பது ஸ்கூல் விளையாட்டுக் கமிட்டித் தலைவர். முகத்தில் மீசைக்கு ஒதுக்கியது போக மிச்ச இடத்தில்தான் மற்றதெல்லாம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அக்கா பேசினாள், எல்லாம் கேட்டது. முதல் மூன்று மேட்சில் ஒன்றாவது ஜெயிக்காவிட்டால் இந்த மேடத்தை அனுப்பிவிடுவார்களாம். சாயங்கால நேரத்தில் அக்கா வந்து பழைய முறையில் நடத்தித் தர முடியுமா என்று கேட்டார்.

அக்கா யோசிக்கவே இல்லை. சரி என்றாள்.

எனக்குச் சந்தோஷம். உண்மையைத்தான் எழுதுகிறேன், இது என் நோட்டு. அக்கா வந்தால் ஓட வேண்டாம். யாராவது ஒருத்தியைத் தூணாக நட்டுவிட்டு அவளிடம் கொடுக்கலாம். ஆனால் யாரை? கொக்கையா? சரி, அது அக்கா கவலை.

நாளைக்குப் பயிற்சியில் டிராஃபிக் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். வழக்கமாக இது எனக்குப் பிடித்த நிலைமை. இந்தத் தடவை பிடிக்கவில்லை.

ஜூலை 5, சனி

44–30. தோல்விதான். ஆனால் நான் இன்று தூங்கப்போவதில்லை.

நாலாவது கால்பகுதி. என்னைக் காவல் காத்தவள் கெட்டிக்காரி, நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தாள். பூட்டின் கையில் பந்து. நான் பூட்டைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, கொடு, கொடு என்று கெஞ்சும் முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த முகத்தை வைத்துத்தான் வீட்டில் டிவி ரிமோட் வாங்குவேன். காவல்காரி பந்தைப் பறிக்க முன்னால் பாய்ந்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஓடினேன். பூட்டு எனக்கு முன்னாலிருந்த காலி இடத்தில் பந்தைப் போட்டாள். நானும் பந்தும் ஒரே சமயத்தில் அங்கே போய்ச் சேர்ந்தோம். கூடைக்குக் கீழே ஈ காக்கா இல்லை. மெதுவாக எடுத்துப் போட்டேன்.

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும்! உட்காரப் போகும்போது நாற்காலியை இழுத்துவிட்டால் வருகிற முகம். உப்பைச் சர்க்கரை என்று நம்பி டீயில் கலக்கிக் குடித்தவனுக்கு வருகிற முகம். நாலாம் வகுப்பிலிருந்து நான் சேர்த்து வைத்திருக்கிற முகம்.

அட, இது திட்டமே இல்லை. குறும்பு. சுத்தமான, அக்மார்க் குறும்பு. ஒரு மாதமாக அந்த அம்மா எங்களுக்குக் குறும்பு பண்ணத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதைக் 'கோணம்', 'இடைவெளி' என்று கணக்கு டீச்சர் மாதிரி சொன்னதால் எனக்கே புரியவில்லை.

எனக்கே!

ஜூலை 8, செவ்வாய்

பயிற்சிக்கு முன்னால் நான் வகுப்பெடுத்தேன். பொய்யை முதலில் கண்ணால் சொல்லணும், பிறகு தோளால், கடைசியில்தான் காலால். நாலு பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். முக்கியமான பாடம் இது: குறும்பில் ஐந்து பேருக்கும் பங்கு உண்டு. நாற்காலியை இழுக்கிறவள் ஒருத்திதான். ஆனால் மற்ற நாலு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி பேசிக்கொண்டே இருக்கவேண்டும். ஒருத்தி முன்கூட்டியே சிரித்தாலும் போச்சு. அதே மாதிரிதான் ஓடவேண்டும். பந்து வரப்போவதில்லை என்று தெரிந்தாலும் வரப்போகிற மாதிரி ஓட வேண்டும். நீ ஓடினால் உன் காவல்காரி உன் பின்னால் வருவாள், இன்னொருத்திக்கு வழி திறக்கும்.

கமுக்கம் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அப்போ பந்து வராம ஓடுறதும் வேலைதானா?"

டிராஃபிக் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அன்று முழுக்க, "யாரை ஏமாத்துற? கண்ணு உண்மை பேசுதே, கண்ணு," என்று என் பாடத்தையே எனக்குத் திருப்பி நடத்தினார். காப்பியடித்ததற்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

பந்துகளைப் பையில் போடும்போது கேட்டேன், இந்த ஆட்டம் நமக்குச் சரிப்படுமா மேடம் என்று.

"எனக்கே தெரியலை. உங்ககிட்ட உயரம் இல்ல, அனுபவம் இல்ல, எதிராளி பயப்படுற மாதிரி ஒரு பேரும் இல்ல. காலு இருக்கு. இருக்கிறதை வச்சுத்தான சமைக்க முடியும்."

மீசை போன் பண்ணியதைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

அக்காவோடு சண்டை. கிண்டல் சண்டை இல்லை, நிஜச் சண்டை.

அவள் சொல்வது தப்பும் இல்லை. இந்த மாதிரி ஆட்டம் கைதேர்ந்தவர்களுக்கானது, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், நாலு வருஷம் சேர்ந்து ஆடியிருக்க வேண்டும் என்றாள். "புதுசா கட்டுற வீட்டுக்கு மொதல்ல ஒரு தூணு வேணும்டி. தூணே இல்லாம பந்தல் போடுறாங்க உங்க மேடம்."

"தூணு காலேஜுக்குப் போச்சு. கூரை எங்க தலையில விழுந்துச்சு. அதுதானே நடந்துச்சு?"

சொல்லிவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அம்மா மருந்துக் கடையில் டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவள். எங்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் படித்துவிட்டு டிவியை நிறுத்தினாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பொய்யாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

ஜூலை 12, சனி

40–38. தோத்துட்டோம்.

ரெண்டே பாயின்ட். கடைசிப் பந்து, எல்லாம் சரியாத்தான் நடந்தது. நான் உள்ள ஓடினேன், ரெண்டு பேர் என் பின்னாடி வந்தாங்க, வெளிய கொக்கு தனியா, சுத்துவட்டாரத்துல யாருமே இல்ல. கமுக்கம் கொடுத்தா. கொக்கு எறிஞ்சா. அவ எறிஞ்சதே பெரிய விஷயம். பந்து வளையத்துல ஒரு சுத்து சுத்தி, எட்டிப் பார்த்து, வெளிய விழுந்துருச்சு.

கொக்கு ஷவருக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதா. தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சுக்கிட்டா. கேட்டுச்சு.

வெளியே வந்தால் மீசை டிராஃபிக்கோடு பேசிக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம் மேட்ச் இல்லை. அதற்கடுத்த திங்கள் முதல் அக்கா. டிராஃபிக் தலையை ஆட்டினார். இரண்டு கையும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

நான் ஆசைப்பட்டதுதானே நடக்குது? ஜூலை ரெண்டாந்தேதி சந்தோஷம்னு எழுதினது யாரு?

இப்ப வேணாம். எனக்கு வேணாம்.

ஜூலை 14, திங்கள்

அழுது என்ன ஆகப்போகிறது. எனக்குத் தெரிந்தது ஒரே தொழில்.

அக்காவிடம் சொன்னேன்: "எங்க மேடம் உங்க பழைய அஞ்சு பேரை ஞாயித்துக்கிழமை ஆட வரச் சொல்றாங்க. வர தைரியம் இருக்கான்னு கேட்டாங்க."

டிராஃபிக்கிடம் சொன்னேன்: "எங்க அக்கா பழைய டீமைக் கூட்டிட்டு வராளாம். நீங்க ஒத்துக்குவீங்களான்னு கேட்டா."

இரண்டு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், ஒரே மாதிரி மூக்கை விடைத்துக்கொண்டு: "வரச் சொல்லு."

மீசைக்கும் சேதி போனது. அக்கா திங்கட்கிழமை பொறுப்பேற்பதற்கு முன்னால் டீமைச் சோதித்துப் பார்க்கிறாள், நீங்கள் அவசியம் வரவேண்டும் என்று. அது முழுப் பொய்யும் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

முழுசாக எழுதுகிறேன். கை வலித்தாலும் சரி.

காலையிலேயே வெயில். மீசை ஒரு நாற்காலியைக் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அக்காவும் அவளுடைய நாலு பேரும் பழைய ஜெர்சியில் வந்தார்கள். அக்காவும் டிராஃபிக்கும் கை குலுக்கினார்கள்.

"கூப்பிட்டதுக்கு தேங்க்ஸ் மேடம்."

"நீங்கதானம்மா கூப்பிட்டீங்க?"

இரண்டு தலையும் மெதுவாக என் பக்கம் திரும்பின. நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். என் ஷூவுக்கு லேஸ் கிடையாது, ஒட்டுப்பட்டைதான். ஆனாலும் கட்டினேன்.

ஆரம்பத்தில் எங்களைத் துவைத்துக் காயப் போட்டார்கள். பந்து அக்காவிடம் போகும், கூடைக்குள் போகும். அவ்வளவுதான். 12–3. மீசை காலை ஆட்டிக்கொண்டே சிரித்தார். அக்கா ஆடுவதைப் பார்க்க இப்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

அப்புறம் ஒன்றைப் பார்த்தேன். அக்கா பந்தோடு போராடும்போது அவளுடைய நாலு பேரும் இடுப்பில் கையை வைத்து நின்றார்கள். டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்து வேடிக்கை பார்க்கிறவர்கள் மாதிரி. மூன்று வருஷம் பயிற்சியில் நாங்களும் அப்படித்தான் நின்றிருக்கிறோம். எதிர்ப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது. நிற்கிறவளைக் காவல் காக்க ஆள் எதற்கு? பூட்டைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அக்காவைப் பூட்டினாள், அவசரமும் துணைக்குப் போனாள். அக்கா இரண்டு பேரைச் சுமந்துகொண்டு ஆட ஆரம்பித்தாள்.

நாங்கள் ஓடிக்கொண்டே இருந்தோம். காலேஜ் போனதிலிருந்து அந்த நாலு பேரும் ஓடியதில்லை போலிருக்கிறது. இரண்டாம் பாதியில் ஒருத்தி மூச்சு வாங்க என் தோளையே பிடித்துக்கொண்டு நின்றாள். 28–25. 31–30.

பிரச்சினை என்னவென்றால் என்னைக் காவல் காத்தது அக்கா. நான் பிறந்ததிலிருந்து என் பொய்யைப் பார்த்து வளர்ந்தவள். கையை நீட்டிக் கெஞ்சும் முகத்தை வைத்தால், "போடி, பின்னாடி ஓடப்போற," என்று வாய்விட்டே சொன்னாள். தோளை ஆட்டினால் சிரித்தாள். அவளிடம் என் சரக்கு ஒன்றும் செல்லவில்லை. ஊரையே ஏமாற்றலாம், சொந்த அக்காவை ஏமாற்ற முடியாது.

கடைசி நிமிஷம். இரண்டு பக்கமும் 33. பந்து என்னிடம். அக்கா எனக்கு எதிரே, என் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என்ன பொய் வரப்போகிறது என்று காத்திருக்கிறாள். அவள் மட்டுமா, ஐந்து பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். வாலு ஏதோ பண்ணப்போகிறாள்.

அப்போது புரிந்தது. நான் ஏமாற்றவே வேண்டாம். என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும்.

பந்தைக் கமுக்கத்திடம் கொடுத்துவிட்டு எதுவும் மறைக்காமல் நேராகக் கூடைக்கு ஓடினேன். உண்மையான ஓட்டம். அக்கா நம்பவில்லை, இன்னொருத்தியையும் கூப்பிட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். கமுக்கம் எங்களைப் பார்த்தபடியே, பார்க்காத பக்கம் பந்தை விட்டாள். அங்கே கொக்கு தனியாக, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் கண்கள் பந்தோடு மேலே போய், பந்தோடு கீழே வந்தன. வலை சத்தம் கேட்டது. வெளிக்கோட்டுக்கு அப்பாலிருந்து போட்டதால் மூன்று பாயின்ட்.

36–33.

கொக்கு ஒற்றைக் காலில் குதித்தாள். பூட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள், பூட்டு என்பதால் விடவில்லை. டிராஃபிக் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார், எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல்.

மீசை எழுந்து வந்து, ஒரு சிநேக ஆட்டத்தை வைத்து முடிவெடுக்க முடியாது, திங்கட்கிழமை ஏற்பாட்டில் மாற்றமில்லை என்று ஆரம்பித்தார். அக்கா முட்டியில் கை வைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"எனக்கு வேண்டாம் அங்கிள். நான் வந்தா இவங்க திரும்பவும் நின்னுடுவாங்க."

மீசை மீசையைத் தடவினார். கொஞ்ச நேரமானது, தடவ நிறைய இருந்தது. மிச்ச இரண்டு மேட்சையும் ஜெயித்து, முதல் நாலு இடத்துக்குள் வந்தால் மேடமே தொடரட்டும் என்றார். டிராஃபிக் தலையாட்டினார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். நான் ஜெயித்த மகிழ்ச்சியை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் நடந்தேன். பாதி வழியில் அக்காவே பேசினாள். காலேஜ் டீமில் அவள் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லையாம். வீட்டில் சொல்லவில்லை. நாங்கள் கேட்டபோதெல்லாம் நன்றாகப் போகிறது என்றாளே.

"அங்க எல்லாருமே நல்லா ஆடுறவங்கதான். பந்து எனக்கு வர்றதே இல்ல. பந்து கையில இல்லாதப்ப என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியலடி. நின்னுட்டிருக்கேன்."

அவள் பையை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன்.

ஜூலை 26, சனி

ஜெயிச்சாச்சு. 39–31. ஹார்ன்காரர் கொட்டாவி விட்டார். அவருக்கு எங்களால் வேலையே இல்லை.

ஜூலை 30, புதன்

அவசரம் இன்று பயிற்சியில் பந்துக்காக ஒரு முழு நொடி காத்திருந்தாள். டிராஃபிக் கேக் வெட்டலாமா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 2, சனி

46–29. நாலாவது இடம். உள்ளே வந்துவிட்டோம்!

மீசை வந்து வாழ்த்தினார். இந்தத் திட்டத்தில் தனக்கு முதலிலிருந்தே நம்பிக்கை இருந்ததாம். கமுக்கம், "ஆமாம் சார், உங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுது," என்றாள். அவள் பேச ஆரம்பித்தது நல்லதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

அரையிறுதி. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எங்களை இரண்டு பாயின்ட்டில் தோற்கடித்தவர்களே வந்தார்கள். இந்தத் தடவை பதினொரு பாயின்ட் வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்தோம். கொக்கு மட்டும் வெளியிலிருந்து நாலு போட்டாள். அவர்கள் ஆள் ஒருத்தி கொக்கைப் பார்த்து, "நீ உள்ளதான நிக்கணும்?" என்று புகாரே கொடுத்தாள்.

ஆகஸ்ட் 16, சனி

இறுதி. எங்களை 51–19 என்று உரித்த அதே டீம்.

அவர்களுடைய கோச் ஆட்டம் முழுக்க ஒரே வாக்கியத்தைத்தான் கத்தினார்: "மெயின் ஆளைப் பிடி." முதல் பாதியில் என்னைப் பிடித்தார்கள். பூட்டு எட்டு பாயின்ட் போட்டாள். பூட்டைப் பிடித்தார்கள். அவசரம் பின்பக்கமாக உள்ளே புகுந்து புகுந்து வந்தாள். அவசரத்தைப் பிடித்தார்கள், கொக்கு வெளியிலிருந்து எறிந்தாள். கடைசியில் அவர்கள் கேப்டன் கோர்ட்டின் நடுவில் நின்று, கை விரித்து, தன் கோச்சையே கேட்டாள்:

"யாரு சார் அது மெயின் ஆளு?"

இதைவிட நல்ல பாராட்டு எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது.

கடைசி இரண்டு நிமிஷம் சமமாகத்தான் போனது. முடிவான கூடையை யார் போட்டது என்று நாளைக்கு யாராவது கேட்டால் நினைவு வைத்துச் சொல்லவேண்டும்: கமுக்கம். நாங்கள் நாலு பேரும் நாலு திசையில் ஓடினோம், நாலு பேர் பின்னாலும் காவல்காரிகள் ஓடினார்கள், அவள் காவல்காரியும் யாரோ ஒருத்தி பின்னால் ஓடிவிட்டாள். கமுக்கம் பந்தோடு தனியாக நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கொடுக்க யாரும் இல்லை என்று தெரிந்ததும், நடந்தே போய்ப் போட்டாள்.

47–44. கோப்பை.

அப்பா கேலரியில் முன்பின் தெரியாத ஒருவரைத் தூக்கிவிட்டார். தூக்குவது தொழிலல்லவா. அக்கா கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போய், வாயசைவிலேயே என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள், இரண்டு ஃப்ரீ த்ரோவைத் தவற விட்டேனாம்.

டிராஃபிக் கோப்பையை வாங்க மேடை ஏறவே இல்லை. எங்கள் ஐந்து பேரையும் போ, போ என்று இரண்டு கையாலும் மேலே அனுப்பிவிட்டு, கீழேயே நின்றார். மீசை மைக்கில் மேடத்தின் பெயரைச் சொல்லி அடுத்த வருஷத்துக்கும் இவர்தான் என்று அறிவித்தபோதுதான் கைகளை இறக்கினார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சீசன் முடிந்தது, பயிற்சி முடியவில்லை. காலையில் கோர்ட் ஈரமாக இருந்ததால் நானும் கொக்கும் துடைத்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் புதிதாகச் சேர வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் பாடம், கொடுத்துவிட்டு ஓடுவது.

வரிசையின் கடைசியில், அந்தச் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால், அக்கா நின்றிருந்தாள். காலேஜுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் வரலாமா என்று நேற்று டிராஃபிக்கைக் கேட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

அவள் முறை வந்தது. எனக்குப் பந்தைக் கொடுத்தாள். அருமையான பாஸ். கொடுத்துவிட்டு, பழக்கத்தில், அங்கேயே நின்றாள்.

"அக்கா, ஓடு," என்றேன்.

ஓடினாள். பந்தை நான் வேறொருத்திக்குக் கொடுத்தேன். அக்கா கூடைக்கடியில் போய், கையை நீட்டி, ஒன்றும் வராமல், அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னால் நின்றாள். நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, அடுத்த முறைக்குத் தயாரானாள்.